"கலர் லேசா மாறும்" - யாரை ஏமாத்தறோம்?

எங்க ஊர்ப் புடவை வியாபாரத்தில் எல்லாருக்கும் மனப்பாடமான வாக்கியம் ஒன்று உண்டு. "நேர்ல பாக்கறதுக்கும் வீடியோல பாக்கறதுக்கும் கலர் லேசா மாறும்." காந்தி ரோட்டுப் பெரிய கடையோ, பிள்ளையார்பாளையத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் விற்பவரோ, வீடியோவுக்குக் கீழே இந்த வரியைச் சேர்க்காமல் அனுப்ப மாட்டார்கள். நானே இரண்டு வருஷமாக இதை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். டைப் அடிக்கிறது எங்கே, காப்பி பேஸ்ட்தான்.

இப்போது சொல்கிறேன் மக்களே, இந்த வரி பாதி பொய். அந்தப் பாதிப் பொய்யின் செலவை ஏற்பவர் வீடியோ போட்டவர் இல்லை, தறியில் உட்கார்ந்திருப்பவர்.

கதைக்கு வருகிறேன். என் மாமாவுக்கு வீட்டிலேயே இரண்டு தறி. நான் படிப்பது பி.காம். என்றாலும், வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவருடைய 'விளம்பரப் பிரிவு' நான்தான் :-) காலை வெயிலில் மொட்டை மாடியில் புடவையை விரித்து போட்டோ எடுப்பேன். உடல், பார்டர், முந்தி என்று ஏழெட்டுப் படம். அவற்றை வரிசையாகக் கோர்த்து, பின்னால் நாதஸ்வரம் போட்டு, முழு எச்.டி. வீடியோவாக்கிக் கொடுப்பேன். போட்டோவும் போகும், வீடியோவும் போகும்.

போன தீபாவளி சீசனில் மூன்று புடவைகள் திரும்பி வந்தன. மூன்றுமே குங்குமச் சிவப்பு. காரணமும் ஒன்றேதான். "வீடியோல மிளகாய்ப்பழ சிவப்பா இருந்துது, வந்தது வேற." அதிலும் ஒரு அம்மா போனில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏங்க, போட்டோல ஒரு புடவை, வீடியோல ஒரு புடவை. நீங்க எதை அனுப்பினீங்க?"

மாமா நேராகச் சாயம் போடுபவரிடம் போய்விட்டார். பத்து வருஷப் பழக்கம். வாய்த்தகராறு ஆகிவிட்டது. அவர் சாம்பிள் நூலை எடுத்துப் புடவையின் மேல் வைத்துக் காட்டினார். இம்மிகூட மாறவில்லை. "நூலைப் பாருண்ணா, சாயத்துல தப்பு இருந்தா எனக்குக் காசே வேணாம்." மாமா தலை குனிந்து வந்தார். அப்புறம் போனைத் திட்டினார். கடைசியில், "விடு பாப்பா, கலர் லேசா மாறத்தான் செய்யும்."

என்னால் விட முடியவில்லை. அந்த அம்மா கேட்ட கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. போட்டோவைப் பார்த்ததும் அவர், வீடியோவைப் பார்த்ததும் அவர். போன் ஒன்று, திரை ஒன்று. வீடியோவுக்குள் இருப்பதும் அதே போட்டோதான். அப்படியானால் வெயில் மேல் பழி போட முடியாது. கேமரா, திரை, சாயக்காரர், யார் மேலும் போட முடியாது. போட்டோவுக்கும் வீடியோவுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். 'எக்ஸ்போர்ட்' பொத்தானை அமுக்கிய நான்.

குற்றவாளி கிடைத்துவிட்டார். இனி குற்றம் என்ன என்று பார்ப்போம்.

போட்டோ, வீடியோ இரண்டிலும் நிறம் சிவப்பு, பச்சை, நீலம் என்று அப்படியே சேமிக்கப்படுவதில்லை. முதலில் வெளிச்சம் எவ்வளவு என்று ஓர் எண். பிறகு அந்த வெளிச்சத்திலிருந்து நீலம் எவ்வளவு விலகியிருக்கிறது, சிவப்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்று இரண்டு எண்கள். அமெரிக்காவில் 1953-ல் கலர் டிவிக்குத் தரம் வகுத்தபோது, ஏற்கெனவே வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் ஓட வேண்டும் என்பதற்காக வெளிச்சத்தைத் தனியாகப் பிரித்தார்கள். மனிதக் கண் வெளிச்ச மாற்றத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும், நிற மாற்றத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது என்பதால் இடத்தை மிச்சம் பிடிக்கவும் இது வசதி. அதனால் இன்றுவரை அந்த முறை தொடர்கிறது.

சிக்கல் எங்கே என்றால், வெளிச்சத்தைக் கணக்கிட ஒன்றுக்கு மேற்பட்ட சூத்திரங்கள் உண்டு. பழைய டிவிக்கான பி.டி. 601 என்ற தரம் 1982-ல் வந்தது. அதே வருஷம்தான் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் தூர்தர்ஷன் கலருக்கு மாறியது. 601 சொல்வது: சிவப்பில் 0.299 பங்கு, பச்சையில் 0.587 பங்கு, நீலத்தில் 0.114 பங்கு. எச்.டி. டிவிக்காக 1990-ல் வந்த பி.டி. 709 சொல்வது: 0.2126, 0.7152, 0.0722. ஜேபெக் போட்டோக்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது 601. எச்.டி. வீடியோ எதிர்பார்ப்பது 709.

நான் பயன்படுத்திய இலவச மென்பொருள் போட்டோவை 601 கணக்கிலேயே மூட்டை கட்டிவிட்டு, மூட்டையின் மேல் எந்தச் சூத்திரம் என்று எழுதாமல் விட்டுவிட்டது. எழுதாத மூட்டையைப் பிரிக்கும் பிளேயர் என்ன செய்யும்? அளவைப் பார்க்கும். "ஓ, 1920-க்கு 1080-ஆ? எச்.டி.தான், அப்போ 709" என்று முடிவு கட்டிப் பிரித்துவிடும். கட்டியது ஒரு கணக்கு, பிரித்தது வேறு கணக்கு.

இதை நம்பாமல் எக்ஸெலில் போட்டுப் பார்த்தேன். வேறு எதுக்கு பி.காம். படிக்கிறோம்! சிவப்பு 200, பச்சை 0, நீலம் 0 என்று ஒரு சுத்தமான சிவப்பு. அதை 601-ல் கட்டி 709-ல் பிரித்தால் வருவது: சிவப்பு 217, பச்சை 19, நீலம் 0. அதாவது வெளிச்சம் கூடி, கொஞ்சம் பச்சையும் கலந்து, ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு. குங்குமம் மிளகாய்ப்பழம் ஆன கதை இதுதான். அடுத்து பச்சை 150, மற்ற இரண்டும் 0. பிரித்தால் பச்சை 127 ஆகிவிடுகிறது. கிளிப்பச்சை போட்டால் வீடியோவில் இலைப்பச்சை. வேறு எந்த ஊரிலாவது இதை "லேசா" என்று விட்டுவிடலாம். குங்குமத்துக்கும் மிளகாய்ப்பழத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, தனித்தனிச் சாயம் காய்ச்சி, தனித்தனி விலை சொல்லும் ஊரில் இது லேசு இல்லை. இங்கே நிறம்தான் சரக்கு.

இவ்வளவு பெரிய தப்பு இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படவில்லை? இதற்கு விடை தெரிந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மேலே உள்ள எண்களைக் கூட்டிப் பாருங்கள். 601-ன் மூன்று பங்கும் சேர்ந்தால் 1. 709-ன் மூன்று பங்கும் சேர்ந்தால் 1. ஆகவே மூன்று நிறமும் சமமாக இருக்கும் வெள்ளை, சாம்பல், கறுப்பு எந்தச் சூத்திரத்தில் கட்டி எதில் பிரித்தாலும் மாறவே மாறாது. வீடியோ எடிட் பண்ணுகிறவர்கள் கலர் சரியா என்று எதைப் பார்ப்பார்கள்? மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியை! வேட்டி வெள்ளையாக இருக்கிறது, சரி, அனுப்பு. மணிக்கணக்கில் உட்கார்ந்து வெள்ளையைச் சரிபார்த்தாலும் இந்தத் தப்பு மாட்டாது. மாட்டவேண்டும் என்றால் பக்கத்தில் நிற்கும் மணப்பெண்ணின் புடவையைப் பார்க்க வேண்டும்.

இது தெரிந்ததும் இணையத்தில் தேடினேன். அங்கே கிடைக்கும் அறிவுரை அதைவிட மோசம். "709 டேக் போட்டுடு, சரியாயிடும்." ஆகாது ஐயா. வணிகவியல் பாஷையில் சொல்கிறேன். பில்லில் 100 என்று மட்டும் எழுதி, ரூபாயா டாலரா என்று எழுதாமல் விடுவது முதல் தப்பு. அந்த 100 ரூபாயை டாலருக்கு மாற்றாமல், குறியீட்டை மட்டும் அழித்து டாலர் என்று எழுதுவது இரண்டாவது தப்பு. முதலாவது கவனக்குறைவு. இரண்டாவது மோசடி. எண்ணை மாற்றுவது வேறு, பெயர்ச்சீட்டை மாற்றுவது வேறு. 601-ல் இருப்பதை உண்மையிலேயே 709-க்குக் கணக்கிட்டு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு 709 என்று சீட்டு ஒட்ட வேண்டும். இரண்டும் நடந்தால்தான் வேலை முடிந்தது.

ஜரிகைக்கும் இதே மாதிரி தனியாக ஒரு கண்டம் இருக்கிறது. போட்டோவில் வெளிச்ச எண் 0 முதல் 255 வரை முழுசாகப் போகும். சாதாரண வீடியோவில் கறுப்பு 16-ல் தொடங்கி வெள்ளை 235-ல் முடியும். முழு அளவில் இருப்பதை மாற்றாமல் அப்படியே உள்ளே தள்ளி, பிளேயர் அதைக் குறுகிய அளவு என்று எடுத்துக்கொண்டால், 235-க்கு மேலே இருப்பதெல்லாம் ஒரே வெள்ளைத் தகடு. வெயிலில் மின்னும் ஜரிகை அங்கேதான் இருக்கிறது. யாளியும் அன்னமும் நெய்த பார்டர் வெறும் பளபளப்புப் பட்டையாகிவிடும். 16-க்குக் கீழே இருப்பதெல்லாம் ஒரே கறுப்பு. அரக்கு உடலில் மடிப்புக்குள் தெரியும் நெசவு காணாமல் போகும். தலைகீழாக நடந்தால் புடவை மொத்தமும் சாம்பல் பூசிய மாதிரி வெளிறிவிடும். பார்ப்பவர் என்ன நினைப்பார்? "ஜரிகை டூப்பு போல இருக்கு." பட்டு நூலில் வெள்ளி சுற்றி, தங்க முலாம் பூசிய ஜரிகைக்கு இந்தப் பேர்!

இனி எனக்கு வரும் பதில்கள். ஏற்கெனவே நண்பர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவைதான்.

"ஒவ்வொரு போன் திரையும் ஒவ்வொரு மாதிரி. நீ என்ன செஞ்சாலும் மாறத்தான் போகுது." திரைகள் மாறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்தைத் தரை மேடு பள்ளமாக இருக்கிறது என்பதற்காகப் படிக்கல்லில் குறைத்து வைக்கலாமா? திரையின் தப்பு ஆளுக்கு ஆள் மாறும். என் தப்பு எல்லாருக்கும் ஒரே திசையில் போகும், எல்லாச் சிவப்பையும் ஆரஞ்சுப் பக்கம் தள்ளும். தன் திரை கொஞ்சம் பளிச்சென்று காட்டும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும், பழக்கப்பட்டிருப்பார். போட்டோவுக்கும் வீடியோவுக்கும் இருந்த வித்தியாசத்துக்கு அவர் எப்படிப் பழகுவார்?

"யூடியூப்ல போட்டா அதுவே சரி பண்ணிடும்." சாதாரண வீடியோவுக்கு 709-ல் கொடுங்கள் என்று யூடியூபே பரிந்துரைக்கிறது. நாம் தப்பாகக் கட்டி, தப்பான சீட்டு ஒட்டிக் கொடுத்தால், இது குங்குமச் சிவப்பு என்று அதற்கு எப்படித் தெரியும்? அது பார்த்தது எண்ணை. புடவையைப் பார்த்தவர்கள் நாம்.

"கலரைக் கொஞ்சம் ஏத்தி விட்டா சரியாயிடும்." இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வரும் இடம். சிவப்பை ஏற்றினால் மற்றதும் ஏறும். தப்பான கணக்கைச் சரிக்கட்ட இன்னொரு தப்பான பதிவு போடுவது. ஆடிட்டர் பார்த்தால் கையெழுத்துப் போட மாட்டார்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் தூங்காதவர்களுக்கு நினைவிருக்கும், நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் என்று இரண்டு உண்டு. என்ன செய்தாலும் தவிர்க்க முடியாதது நார்மல் லாஸ். அதன் செலவை நல்ல சரக்கின் தலையிலேயே ஏற்றிவிடுவோம், யாரையும் கேள்வி கேட்க மாட்டோம். கவனமாக இருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பது அப்நார்மல் லாஸ். அதைத் தனியாகப் பிரித்து, யாரால் வந்தது என்று கேட்டு, லாப நஷ்டக் கணக்கில் நேராக எழுத வேண்டும்.

"கலர் லேசா மாறும்" என்ற வரி செய்யும் வேலை இதுதான். தவிர்க்கக்கூடிய நஷ்டத்தைத் தவிர்க்க முடியாத நஷ்டம் என்று கணக்கில் எழுதுகிறது. எழுதிவிட்டால் கேள்வி நின்றுபோகும். கூரியர் காசு மாமாவுடையது. பிரித்து மடித்துத் திரும்பி வந்த புடவை புதுசு விலைக்குப் போகாது, அதுவும் மாமாவுடையது. பத்து வருஷச் சாயக்காரரின் பேர் கெட்டது அவருடையது. பொத்தான் அமுக்கிய எனக்கு மட்டும் ஒரு பைசா நஷ்டம் இல்லை. இது நியாயமா?

வீடியோவால் முடியாததும் இருக்கிறது. அதை மறைத்தால் நானும் அந்த வரியை எழுதுபவர்களில் ஒருத்திதான். சாதாரண வீடியோவில் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே ஒரு நிறத் தகவல்தான் வைக்கப்படுகிறது. அதனால் சின்னக் கட்டம் போட்ட புடவையும், கோர்வையில் உடலும் பார்டரும் சேரும் கூரான எல்லையும் கொஞ்சம் கலங்கித்தான் தெரியும். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் போட்டு நெய்யும் மயில் கழுத்து, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறும். அதை எந்த வீடியோவும் முழுசாகப் பிடிக்காது. சில ஆழ்ந்த நிறங்கள் 709-ன் எல்லைக்குள் அடங்கவே அடங்காது. இதெல்லாம் நார்மல் லாஸ். இதற்கு மட்டும் "கலர் லேசா மாறும்" என்று எழுதுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

விற்பனைக்கு மட்டும்தான் இந்த அக்கறையா என்றால், இல்லை. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்தி வரதர் வைபவம் நடந்தது. 1979-க்குப் பிறகு அப்போதுதான் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்தார். தினம் ஒரு நிறப் பட்டு. எங்கள் தெருவில் பாதிப் பேச்சு இன்றைக்கு என்ன கலர் என்பதுதான். வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு வீடியோக்களை வைத்துக்கொண்டு, அன்றைக்குச் சிவப்பா ஆரஞ்சா என்று என் பாட்டியும் பெரியம்மாவும் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடம், சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அடுத்தமுறை 2059. அன்றைக்கு இருக்கப்போகிறவர்களில் பலருக்கு 2019-ஐப் பற்றிச் சொல்ல நம் வீடியோக்கள்தான் மிஞ்சும். சீட்டு ஒட்டாத எண்களை வைத்துக்கொண்டு அவர்கள் எதை நம்புவார்கள்?

திட்டிவிட்டு மட்டும் போனால் தப்பு. நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

1) போனில் எச்.டி.ஆர். அணைத்துவிட்டு எடுப்பது. ஐபோன் 12 (2020) முதலான போன்கள் எச்.டி.ஆரில் எடுக்கும் வீடியோ பி.டி. 2020 என்ற வேறு நிறக் கணக்கில் இருக்கும். மாற்றத் தெரியாமல் சாதாரண வீடியோவில் திணித்தால் வெளுத்துப் போகும்.

2) எக்ஸ்போர்ட் செய்யும்போது உள்ளே வருவது எந்தச் சூத்திரம், எந்த அளவு என்று மென்பொருளுக்குச் சொல்வது. வெளியே போவது 709, குறுகிய அளவு என்று மாற்றச் சொல்வது. பிறகு அதே பெயரில் சீட்டும் எழுதச் சொல்வது.

3) வந்த ஃபைலை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து, சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு நிமிஷம்கூட ஆகாது.

4) கடைசியாக, போட்டோவையும் வீடியோவையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. சிவப்புப் புடவையிலும் பச்சைப் புடவையிலும். வேட்டியில் இல்லை!

அம்மா அப்பா கல்யாண டிவிடியை எச்.டி. ஆக்கி ஏற்றும் நண்பர்களுக்கும் இதே எச்சரிக்கை. டிவிடி 601. படத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, நிறக் கணக்கையும் 709-க்கு மாற்ற வேண்டும். சந்தேகம் இருந்தால் பீரோவிலிருந்து அம்மாவின் முகூர்த்தப் புடவையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

திரும்பி வந்த மூன்று புடவைகளின் வீடியோவை இப்படி மறுபடியும் செய்து மாமாவிடம் காட்டினேன். பழையதையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு சாயக்காரர் வீட்டுக்குக் கிளம்பினார். "நீயும் வா பாப்பா" என்றார்.

போனேன். தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். 601, 709 எல்லாம் சொல்லிக் குழப்பவில்லை. "சாயம் சரியாத்தான் இருந்துதுண்ணா, நான்தான் வீடியோவைத் தப்பா மாத்திட்டேன்." அவர் சிரித்துவிட்டு, "அது எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றார்.

மாமாவின் வீடியோக்களுக்குக் கீழே அந்த வரி இப்போது இல்லை. உங்கள் வீடியோக்களுக்குக் கீழே இருந்தால், எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. எடுக்கிற தகுதி வரும்வரை வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள் என்கிறேன்.

டிஸ்கி: எக்ஸெல் கணக்கில் தப்பு இருந்தால் தாராளமாகத் திட்டலாம். சாயக்காரரை மட்டும் விட்டுவிடுங்கள் :-)